இருபத்து நான்கு அங்குலம்

முப்பத்தொரு வயதாகியும் எனக்குக் கலியாணம் ஆகாமல் இருந்ததற்கு ஐந்து காரணங்கள் இருந்தன. ஐந்தும் வந்து போன சம்பந்தங்கள். முதலாவதில் சாதகம் பொருந்தவில்லை. இரண்டாவதில் பெண்ணின் தமையனுக்கு என் பல்வரிசை பிடிக்கவில்லை. மூன்றாவதில், தட்டில் வைத்த பலகாரத்தை நான் எண்ணியதைப் பெண்ணின் தாய் கண்டுவிட்டார். நான்காவதும் ஐந்தாவதும் காரணம் சொல்லாமலே நின்றுபோயின. காரணம் சொல்லாத அந்த இரண்டும்தான் என்னை அதிகம் வருத்தின. எந்தப் பிழையைத் திருத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் திருத்திப் பார்த்தேன்.

பலகாரத்தை எண்ணியது என் குற்றமல்ல. திருகோணமலைத் துறைமுகத்தில் நான் மூட்டை எண்ணும் கிளாக்கராக இருந்தேன். கப்பலிலிருந்து கோதுமை மா மூட்டைகள் இறங்கும்போது பக்கத்தில் நின்று, ஒரு மூட்டைக்கு ஒரு கோடு, ஐந்தாவதற்குக் குறுக்கே ஒரு கோடு என்று போட வேண்டும். நாள் முழுக்க அப்படிக் கோடு போட்டவனுக்கு வீட்டுக்கு வந்ததும் அது நின்றுவிடாது. படிகளை எண்ணுவேன். சோற்றில் வந்த கல்லை எண்ணுவேன். எண்ணாமல் விட்டால் ஏதோ ஒன்று குறைந்துபோகும் என்று ஒரு பயம்.

ஆறாவது சம்பந்தம் புல்மோட்டையிலிருந்து வந்தது. பெண் பள்ளிக்கூட ஆசிரியை. தகப்பனுக்கு அங்கே மணல் எடுக்கும் இடத்தில் மேற்பார்வை வேலை. தரகர் படத்தைக் கொண்டுவந்து தந்தார். முதல் நாளில் அதைப் பதினேழு தரம் பார்த்தேன். படத்தில் அவள் சிரிக்கவில்லை. படம் எடுப்பவர் ஏதோ ஒன்றைப் பிழையாகச் செய்கிறார், அதைச் சொல்லலாமா விடலாமா என்று யோசிப்பவள் போல நின்றாள். அது எனக்கு நிரம்பப் பிடித்துப்போயிற்று. என் பக்கத்தில் நின்று பிழை பிடிக்க ஒருவர் இருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

"ஒரு சின்னக் கதை இருக்கு தம்பி," என்றார் தரகர். "பிள்ளை ரெண்டு மாப்பிள்ளையை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுது. கந்தோர் வேலையும் வீடுமாக் கிடக்கிற ஆள் வேண்டாமாம். நாலு ஊர் பார்த்தவராய் இருக்கோணுமாம்."

"நான் நாலு ஊர் பார்க்கேல்லையே."

"அது எனக்குத் தெரியாதோ? அதாலதான் நீங்கள் சைக்கிளில இலங்கை முழுக்கச் சுத்தினனீங்கள் எண்டு சொல்லிப்போட்டன்."

"எனக்குச் சைக்கிளே இல்லை."

"அதையும் யோசிச்சனான். ஆனா யோசிக்கிறதுக்கு முந்திச் சொல்லிப்போட்டன்."

பெண் வீட்டிலிருந்து வந்த பதிலில் மூன்று வரிகள் இருந்தன. பிள்ளைக்கு விருப்பம். ஐந்து கிழமை கழித்து ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரலாம். மாப்பிள்ளை தன் சைக்கிளிலேயே வரட்டும், பிள்ளை அதைப் பார்க்க ஆசைப்படுகிறாள். சைக்கிளில் போகாவிட்டால் படத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். எனக்கு அதைக் கொடுக்க மனமில்லை.

வெளிநாட்டுச் சாமான்களுக்கு இறுக்கமான கட்டுப்பாடு இருந்த காலம் அது. முழுச் சைக்கிள் வாங்குவது நடவாத காரியம். பிரேமை ஓரிடத்தில் பிடித்து, இரண்டு சில்லையும் இன்னோரிடத்தில் பிடித்து, கூட்டிக் கட்ட வேண்டும். சந்தைக்குப் பின்னால் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவரின் சைக்கிள் திருத்தகம் இருந்தது. எல்லோருக்கும் அவர் நானா. அங்கே முகட்டில் கயிறு கட்டி மூன்று பிரேம்கள் தொங்கின: இருபது அங்குலம், இருபத்திரண்டு, இருபத்து நான்கு. பெடல் சுற்றும் அச்சிலிருந்து சீற்றுக்குக் கீழே வரை நிற்கும் குழாயின் நீளம்தான் பிரேமின் அளவு. இது தெரியாமல் பலபேர் சில்லை அளந்துகொண்டு நிற்பார்கள்.

நானா என்னை ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்தார்.

"தம்பிக்கு இருபத்திரண்டு."

"பார்த்துச் சொல்லுறது கணக்காகுமோ நானா?"

"ஆகாதுதான். முப்பது வருசமா நான் கண்ணை மூடிட்டுத்தானே வித்த."

நான் கணக்கை நம்புகிறவன். நீண்ட தூரம் ஓடுவதற்கான பிரேம் எப்படி இருக்க வேண்டும் என்று பதினான்கு கேள்விகள் எழுதி, ஒன்பது பின்னேரங்கள் அந்தத் திருத்தகத்துக்குப் போனேன். பின்சில்லுக்குப் போகும் குழாய் நீளமாக இருக்கிறதா? இருந்தால் கரியரில் கட்டிய சாமான் குதிக்காலில் இடிக்காது. முன்குழாய் சாய்வாக இருக்கிறதா? சாய்வாக இருந்தால் குண்டு குழியில் கை நோகாது. பொருத்துகளில் வெடிப்பு உண்டா? ஒவ்வொரு பொருத்தையும் பூட்டுத் திறப்பால் தட்டிக் காது வைத்துக் கேட்டேன். மூன்று பிரேமுக்கும் முப்பத்தாறு தட்டு.

ஆறாம் நாள் நானா, "தம்பி, இது தேங்காயில்ல," என்றார்.

எடை பார்ப்பதற்காக மூன்றையும் துறைமுகத் தராசுக்கு எடுத்துப் போனேன். வாசல் காவலாளி மறித்தார்.

"இதென்ன?"

"பிரேம்."

"உள்ளுக்குக் கொண்டு போறியளோ, வெளியில கொண்டு போறியளோ?"

"ரெண்டும்."

அவர் இரண்டு புத்தகத்திலும் எழுதினார்.

எடையில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நீளத்திலும் சாய்விலும் இருபத்து நான்குதான் முதலாவதாக வந்தது. மிஞ்சியது ஒரே கேள்வி, என் கால் அதற்குப் போதுமா என்பது. நான் வேலை முடிந்து நேரே வந்திருந்தேன். நீளக் காற்சட்டை, மூட்டை விழுந்தாலும் விரல் நசுங்காத தடித்த சப்பாத்து.

"சப்பாத்தைக் கழட்டுங்க," என்றார் நானா, அளவு நாடாவுடன்.

"சைக்கிள் ஓடேக்க சப்பாத்தோடதானே ஓடுவன் நானா. கழட்டிப்போட்டு அளந்தா அது பிழையான அளவு."

அவர் என்னை வினோதமாகப் பார்த்துவிட்டுச் சப்பாத்தோடு அளந்தார். இருபத்து நான்குக்கு என் கால் அரை அங்குலம் கூடுதலாகவே இருந்தது. நான் அதை அவருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

"சரி தம்பி. நாடா உங்க பக்கம் இரிக்கு. நான் என்ன செய்ய."

சைக்கிள் கூட்டி முடிந்ததும் உப்புவெளிப் பக்கம் பழகினேன். விழுந்தது பதினொரு தரம். அதன் பிறகு முறை பிடிபட்டது. சீற்றில் இருந்தால் கால் நிலத்தைத் தொடாது. ஆகவே ஏறுவதென்றால் மதகுக் கட்டோ வாசற்படியோ வேண்டும். இறங்குவதென்றால் வேகத்தைக் குறைத்து, வலக்காலைப் பின்பக்கமாகத் தூக்கி எறிந்து, இடப்பக்கம் குதிக்க வேண்டும். நாற்பது தரம் பிழையில்லாமல் இறங்கிக் காட்டிய பிறகுதான் நிறுத்தினேன்.

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் தரகர் வந்தார். சைக்கிளைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"ஊர் சுத்திறவன்ர சைக்கிள் மாதிரி இல்லையே. சாமான் எங்க?"

"போய்ப் பலகாரம் சாப்பிட்டிட்டு வாறதுக்கு என்ன சாமான்?"

"பார்க்கிறவைக்குச் சாமான் தெரியோணும் தம்பி."

அவரே ஒரு பிஸ்கற் தகரப் பெட்டியையும் அதன்மேல் ஒரு பாய்ச் சுருளையும் கரியரில் கட்டினார். உச்சியில் தேநீர்க் கேத்தில் ஒன்றைத் தொங்கவிட்டார். பொதி சீற்றை விட ஒரு முழம் உயர்ந்து நின்றது.

"வேட்டி சால்வை எடுத்து வைச்சிட்டியளோ?"

"காற்சட்டையோடதான் ஓடப்போறன்."

"காற்சட்டையோட போனா மூட்டை எண்ண வந்தவர் எண்டு நினைப்பினம். பெண் பார்க்க வேட்டிதான். கால்ல செருப்பு. சைக்கிளில இருந்தபடியே வாசல் படலைக்குள்ள போகோணும், அது முக்கியம். தள்ளிக்கொண்டு போனா மரியாதை இல்லை."

ஒன்பது பின்னேரம், பதினான்கு கேள்வி, முப்பத்தாறு தட்டு. அவற்றில் வேட்டி என்ற ஒரு சொல் இல்லை. செருப்பும் இல்லை, பொதியும் இல்லை. நீண்ட பயணத்துக்குப் பிரேம் எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்த உடுப்பில் இறங்கப்போகிறீர்களோ அந்த உடுப்பில் நின்று அளவெடுங்கள்.

அப்போது எனக்கு அது அவ்வளவு உறைக்கவில்லை. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துச் சண்டிக்கட்டாகக் கட்டிக்கொண்டால் காற்சட்டைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தேன். விடிந்ததும் அப்படியே புறப்பட்டேன். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி. முப்பத்து நான்கு மைல். மைல் கற்கள் முப்பத்திரண்டுதான் இருந்தன. இரண்டைக் காணவில்லை. வழியில் இரண்டு இடத்தில் கடல் உள்ளே வந்து கிடக்கும். அங்கே கயிற்றைப் பிடித்து இழுக்கும் ஓடத்தில் சைக்கிளை ஏற்றிக் கடக்க வேண்டும். ஓடக்காரர் பொதியைப் பார்த்தார்.

"சந்தைக்கோ?"

"பெண் பார்க்கப் போறன்."

"கேத்திலோடயோ?"

எட்டு இடத்தில் மதகுக் கட்டைப் பிடித்து இறங்கி, இளைப்பாறி, ஏறிப் புல்மோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் பதினொன்றரை.

பஸ்ஸில் முன்பே வந்திருந்த தரகர் கடைசி வளைவில் ஒரு மதகில் காத்திருந்தார். என் முகத்தைத் துடைத்துவிட்டார். சால்வையைச் சரிசெய்தார். பிறகு முழங்காலைப் பார்த்தார்.

"இதென்ன தம்பி, சண்டிக்கட்டோடயோ பெரிய மனிசருக்கு முன்னால போறது?"

அது உண்மை. மடித்துக் கட்டிய வேட்டியோடு பெரியவர்கள் முன்னால் போய் நின்றால் எங்கள் பக்கத்தில் அது சண்டைக்குப் போனதற்குச் சமம். ஆனால் வேட்டியை இறக்கிவிட்டால் சைக்கிளில் ஏற ஏலாது. தரகர் அதற்கும் வழி வைத்திருந்தார். மதகில் காலை ஊன்றி நான் ஏறிக்கொண்டேன். அவர் பின்னாலிருந்து தள்ளியபடியே ஓடி வந்து, சில்லு நன்றாக உருண்டதும், மடிப்பை அவிழ்த்துவிட்டார்.

வேட்டி கணுக்கால் வரை இறங்கியது. முன் தலைப்பு பறந்து செயின் பக்கம் போகப் பார்த்தது. அதை இடக்கையால் சேர்த்துப் பிடித்தேன். வலக்கையில் ஹாண்டில். அப்படியே திறந்த படலைக்குள் நுழைந்தேன்.

நன்றாகக் கூட்டிய மணல் வளவு. நடுவில் வீடு. விறாந்தையில் தகப்பன் எழுந்து நின்றார். வேகத்தைக் குறைத்து, நாற்பது தரம் பழகியபடி வலக்காலைப் பின்னால் தூக்கப் பார்த்தேன். கால் ஒரு சாண் உயர்ந்து, வேட்டிக்குள் நின்றுவிட்டது. இன்னும் உயர்த்தியிருந்தாலும் பின்னால் பாய்ச் சுருள் நின்றது. கீழே நோக்கினேன். செருப்புக்கும் மணலுக்கும் இடையில் நல்ல இடைவெளி. நின்றால் விழவேண்டும். ஆகவே நிற்கவில்லை.

"வாங்கோ தம்பி, வாங்கோ," என்றார் தகப்பன்.

"வணக்கம் ஐயா," என்று சொல்லிக்கொண்டே அவரைக் கடந்து வீட்டின் பக்கவாட்டில் திரும்பினேன்.

வீட்டின் பின்புறம் அடுப்புப் புகையோடு குசினி. குசினி வாசலில் அவள் நின்றாள். படத்தில் இருந்த அதே பார்வை. நான் தலையைக் குனிந்து கடந்து, மறுபக்கத்தால் முன்னுக்கு வந்தேன்.

"இறங்குங்கோவன் தம்பி."

"ஓம் ஐயா, இந்தா."

மூன்றாவது சுற்றில் தரகர் இளைக்க இளைக்க வந்து சேர்ந்திருந்தார். நான் கடக்கும்போது அவர் தகப்பனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"நீளத் தூரம் ஓடுறவை உடன இறங்கமாட்டினம். நாலஞ்சு சுத்துச் சுத்தி உடம்புச் சூட்டை ஆத்தித்தான் இறங்குவினம்."

"குதிரை மாதிரியோ?"

"அப்பிடித்தான்."

பின்புறம் வந்தபோது அவள் வாசற்படியில் இறங்கி நின்றாள்.

"இறங்கேலாதோ?" என்றாள், மெதுவாக.

"ஏலாது."

அதற்குள் கடந்துவிட்டேன். முன்னால் தகப்பன், "யாழ்ப்பாணத்துக்கு எத்தினை நாளில போனனீங்கள்?" என்றார். "சொல்லுறன் ஐயா," என்று திரும்பினேன். பின்னால் அவள் காத்திருந்தாள்.

"ஏன் ஏலாது?"

"கால் எட்டாது. வேட்டியும் விடுகுதில்லை."

அடுத்த சுற்றில், "எத்தினை அங்குலம்?" என்றாள்.

"இருபத்து நாலு."

அதற்கடுத்த சுற்றில் அவள் பதிலை ஆயத்தமாக வைத்திருந்தாள். "உங்களுக்கு இருபத்திரண்டு காணும். ஆர் இதை எடுக்கச் சொன்னது?"

"நான்தான். அளந்து எடுத்தனான்."

முன்னால் போனால் யாழ்ப்பாணம், கண்டி என்று கேள்வி. பின்னால் வந்தால் பிரேம். இரண்டு பக்கமும் பதில் சொல்லிக்கொண்டு பெடலும் மிதிப்பது இலேசான வேலையல்ல. தரகர் என்னைப் பார்த்து விரல்களை நீட்டிக் காட்டினார். இத்தனை நாளில் போனேன் என்று சொல்லச் சொல்கிறார் என்று விளங்கியது. எத்தனை விரல் என்று எண்ணி முடிப்பதற்குள் மூலை வந்துவிட்டது.

எட்டாவது சுற்று. அவள் இப்போது பாதைக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"உண்மையாய்ச் சொல்லுங்கோ. இதிலயோ இலங்கை முழுக்கச் சுத்தினனீங்கள்?"

எனக்கு ஒரு சுற்று நேரம் இருந்தது. ஆம் என்று சொல்லலாம். பொய் சொன்னது தரகர்தான், நான் தலையாட்டினால் போதும். ஆனால் படத்தில் அந்தப் பெண் படம் எடுப்பவரைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். முன்னால் தகப்பனைக் கடந்தேன், அவர் என்ன கேட்டார் என்று காதில் விழவில்லை. பின்னால் வந்தேன்.

"இல்லை. ஒரு ஊரும் சுத்தேல்லை. அஞ்சு கிழமைக்கு முந்திச் சைக்கிளே இல்லை. இண்டைக்குத்தான் முதல் தரம் இவ்வளவு தூரம் வந்தனான்."

அடுத்த சுற்றில் குசினி வாசலில் ஆள் இல்லை. கதவு மட்டும் திறந்து கிடந்தது. ஆறாவதும் போயிற்று என்று எண்ணிக்கொண்டேன். இந்தமுறையாவது காரணம் தெரியும், அது ஒரு ஆறுதல். படத்தை எந்த நாளில் திருப்பி அனுப்புவது, எந்தக் கடித உறையில் வைப்பது, மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் மட்டை வைக்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டு மேலும் ஒரு தரம் வீட்டைச் சுற்றினேன்.

பதினோராவது சுற்றில் குசினி மூலை திரும்பியதும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பொதி ஒருதரம் ஆடியது.

"பிறேக்கைப் பிடியுங்கோ. நான் பிடிச்சிருக்கிறன்."

பிடித்தேன். சைக்கிள் நின்றது. நான் விழவில்லை. அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையால் சீற்றைப் பிடித்தபடி மறுகையால் கேத்திலைக் கழற்றிக் கீழே போட்டாள். பிறகு பாயை இழுத்துப்போட்டாள். பெட்டியின் கயிற்றை அவிழ்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் மேலேயே இருந்தேன்.

"இப்ப வேட்டியைத் தூக்கிப்போட்டு இறங்குங்கோ. நான் அங்கால பார்க்கிறன்."

அவள் குசினிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் இறங்கினேன். பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கேத்தில் விழுந்த சத்தம் கேட்டுத் தகப்பனும் தரகரும் பின்பக்கம் வந்தார்கள். தேநீர்த் தட்டோடு தலைகுனிந்து வரவேண்டிய மகள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, இதென்ன?"

"அப்பா, இவருக்கு இறங்கத் தெரியாது. ஒரு ஊரும் சுத்தேல்லை. பிரேமும் பிழை."

தரகர் வானத்தைப் பார்த்தார். தகப்பன் என்னைப் பார்த்தார்.

"உண்மையோ தம்பி?"

"ஓம் ஐயா. மூண்டும் உண்மை."

"அப்ப பிள்ளை, வேண்டாமெண்டு சொல்லுவமோ?"

அவள் முன்குழாயைப் பார்த்தாள். சீற்றின் உயரத்தைக் கையால் சாண் போட்டுப் பார்த்தாள். பிறகு என் கால்களைப் பார்த்தாள்.

"திருகோணமலையில இருந்து இதில வந்திருக்கிறார். இவ்வளவு பிழையான சைக்கிளில இவ்வளவு தூரம் வந்தவர், சரியானதைக் குடுத்தா எங்கயும் போவார். எனக்கு விருப்பம்."

"நல்லா யோசிச்சோ சொல்லுறாய்?"

"ஒவ்வொரு சுத்துக்கும் யோசிச்சனான்."

தகப்பன் சிரித்தார். தரகர் அவரைவிடப் பெரிதாகச் சிரித்தார். தேநீர் குசினி வாசலிலேயே வந்தது. பலகாரத் தட்டை நான் பார்க்காமல் இருந்தேன். அந்தக் கூட்டத்தில் நானும் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"முப்பத்து நாலு மைலும், பிறகு இந்த வீட்டைச் சுத்திப் பதினொரு சுத்தும்," என்றேன்.

"பன்னிரண்டு," என்றாள் அவள். "நானும் எண்ணினனான்."

கலியாணமாகி இத்தனை வருடங்களாகிவிட்டன. அதே ஆண்டில் நானாவிடம் இருபத்திரண்டு அங்குலத்தில் இரண்டு பிரேம் எடுத்துக் கட்டி, இருவரும் மூதூர், வெருகல் என்று பல இடங்களுக்கும் போய் வந்துவிட்டோம். பதினொன்றா பன்னிரண்டா என்பது இன்னும் தீரவில்லை. படலையிலிருந்து குசினி மூலை வரை வந்த அரைச் சுற்றை அவள் முழுச் சுற்றாகச் சேர்த்துவிட்டாள் என்பதுதான் என் எண்ணம். அவள் ஒத்துக்கொள்வதில்லை. யாழ்ப்பாணம் பற்றிக் கேட்டபோது நான் பயத்தில் ஒன்றை எண்ணாமல் விட்டுவிட்டேன் என்கிறாள். இருக்கலாம். ஆனால் மூட்டை எண்ணிய காலத்தில் ஒருநாளும் நான் ஒன்றைத் தவறவிட்டதில்லை, அதையும் இந்த இடத்தில் எழுதி வைக்க வேண்டும்.